முகமற்ற பகைவர்: சேலம் – நாமக்கல் சமவெளியின் கலையில் 'அநாகரிகர்' சித்திரிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகம் தனக்குப் புறத்தே இருப்பவரை 'நாகரிகமற்றவர்' என வகுத்துக்கொள்ளும் முறையை அதன் இலக்கியமும் கலையும் ஒரே வகையில் பதிவு செய்வதில்லை. சங்க இலக்கியம் மழவர், வடுகர், மிலேச்சர் ஆகியோரை உடை, உணவு, மொழி ஆகியவற்றால் அடையாளப்படுத்துகிறது. அதே நிலப்பரப்பின் சிற்பமோ பகைவரின் உடலில் அத்தகைய அடையாளங்களைப் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. நடுகல், நாமக்கல் குடைவரை, தாரமங்கலம் தூண் சிற்பம் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை இந்த வேறுபாட்டை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மழவர், அதியர், மிலேச்சர், நடுகல், நாமக்கல் குடைவரை, வாலி, ஓரி.

நிலமும் சிக்கலும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இராசிபுரத்தைக் கடந்ததும் வரும் ஊர் புதுச்சத்திரம். பெயரே வழிப்போக்கர் தங்கிய இடத்தை நினைவூட்டுகிறது. கிழக்கே கொல்லிமலை, தெற்கே நாமக்கல் பாறை, வடமேற்கே சேலத்துக்கு அப்பால் தாரமங்கலம் என மூன்று வெவ்வேறு காலங்களின் கலைக்கும் கதைக்கும் நடுவே இவ்வூர் அமைந்துள்ளது. சமவெளியில் உழுபவருக்கும் மலையில் வேட்டையாடுபவருக்கும் இடையிலான எல்லை இந்நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே இருந்தது. 'நாம்', 'பிறர்' என்னும் பாகுபாடு கலையில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது.

தமிழ்க் கலையில் அயலாரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 'யவனர்' என்ற சொல்லிலேயே தங்கிவிடுகின்றன. கடல் கடந்து வந்தவர் ஆய்வாளரின் கவனத்தை எளிதில் ஈர்க்கின்றனர். அண்டை மலையிலிருந்து இறங்கி வந்தவர் ஈர்ப்பதில்லை. ஆயினும் சங்கப் பாடல்களில் அச்சத்தையும் அருவருப்பையும் மிகுதியாகத் தூண்டுபவர் யவனர் அல்லர். ஆநிரை கவரும் மழவரே.

சொல் வரைந்த உருவம்

முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனின் இருப்பிடத்தைக் காக்கும் யவனர், இறுகக் கட்டிய உடையும் சட்டையும் அணிந்த, அஞ்சத்தக்க தோற்றத்தினராக வருகின்றனர். அவர்களை அடுத்து வரும் மிலேச்சர் வாய் பேசாதவர். உடலசைவால் கருத்தைத் தெரிவிப்பவர். அவர்கள் ஊமையர் அல்லர்; அவர்கள் பேசும் மொழி அங்குள்ளோருக்கு மொழியாகக் கேட்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். புரியாத ஒலியைப் போலச் செய்து கிரேக்கர் 'பார்பரோஸ்' என்ற சொல்லை ஆக்கிக்கொண்டதும் இதே உளநிலையில்தான். குறுந்தொகையின் 11ஆம் பாடல் வடுகரின் எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தை மொழி மாறும் நாடு என்றே சுட்டுகிறது. வேற்று மொழி என்பது வேற்று மனிதர் என்பதன் முதல் அடையாளமாகிறது.

இந்த அடையாளம் நிலையானதன்று. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைச் சிறைப்பிடித்து, தலையில் நெய் ஊற்றி, கைகளைப் பின்கட்டாகக் கட்டி இழிவுபடுத்துகிறான். அந்த யவனர் செய்த பாவை விளக்கே நெடுநல்வாடையில் அரண்மனைக்கு ஒளி தருகிறது. அவர்கள் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகி மகிழ வேண்டும் என்று புறநானூற்றின் 56ஆம் பாடல் வாழ்த்துகிறது. பொருள் வேண்டும்போது கைவினைஞர், போர் வரும்போது காட்டுமிராண்டி என்ற இரட்டை நிலை இங்குத் தெளிவாகத் தெரிகிறது.

மழவரின் நிலை இன்னும் சிக்கலானது. அகநானூற்றின் 309ஆம் பாடல், கவர்ந்து வந்த பசுவைத் தெய்வம் உறையும் வேம்பின் அடியில் கொன்று, குருதி தூவி, அதன் இறைச்சியை உண்ணும் மழவரைக் காட்டுகிறது. பிரிவின் துயரைச் சொல்ல வந்த பாடலில் தலைவன் கடக்கவேண்டிய காட்டின் கொடுமைக்கு இக்காட்சி அளவுகோலாகிறது. ஆனால் புறநானூற்றின் 88ஆம் பாடலில் ஔவையார் அதியமானைப் பகைவருக்கு அறிமுகப்படுத்தும்போது மழவரின் தலைவன் என்றே பெருமையுடன் கூறுகிறார். அகத்தில் வழிப்பறி செய்பவராக வருவோர் புறத்தில் அரசனின் பெருமைக்குரிய குடியாகின்றனர். ஒரே மக்கள், இரு திணைகள். பாடலில் பேசுவோர் எங்கு நிற்கின்றனர் என்பதைப் பொறுத்தே நாகரிகமும் அநாகரிகமும் மாறுகின்றன.

அதியரின் பழமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் எல்லைப்புறத்து மக்களாகக் குறிக்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று அழைத்ததன் மூலம் இவ்வடையாளம் உறுதிப்பட்டது. பாடலிபுத்திரத்திலிருந்து பார்ப்பவருக்கு மூவேந்தரும் அதியரும் ஒருசேர எல்லையோரத்தவரே. சமவெளியிலிருந்து பார்ப்பவருக்கு மழவர் எல்லையோரத்தவர்.

கல்லில் இல்லாத முகம்

இத்தகைய சொற்சித்திரங்களை மனத்தில் கொண்டு நடுகற்களைக் காண்போருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆநிரைப் பூசலில் இறந்தவருக்கு எடுத்த கற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் இருக்கிறான். அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. சில கற்களில் கால்நடைகளும் உண்டு. அம்பை எய்தவன் பெரும்பாலும் இல்லை. இலக்கியம் இத்தனை விரிவாக வரைந்த கொடிய முகத்தைச் செதுக்க உளிக்கு விருப்பமில்லை.

எடுத்தனூர் நடுகல் இதற்குச் சிறந்த சான்று. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. அவனுடன் அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் எழுத்தில் உள்ளன. நாய்க்குப் பெயரும் உருவமும் உண்டு. அந்த இருவருக்கு இரண்டும் இல்லை. 'கள்ளர்' என்ற தொழிற்சொல் மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கிறது.

இதனைப் பகைவர்மீது காட்டிய பெருந்தன்மை எனக் கொள்ள இயலாது. உருவம் தர மறுப்பதும் ஓர் இழிவுபடுத்தலே. உரோமில் கி.பி. 113இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணில் டேசியர்கள் நூற்றுக்கணக்கில் செதுக்கப்பட்டுள்ளனர். தாடியும் காற்சட்டையும் அவர்களை உரோமரிடமிருந்து பிரிக்கின்றன. பெர்கமோன் அரசன் முதலாம் அட்டாலஸின் வெற்றியை ஒட்டி உருவான 'இறக்கும் கால்' சிற்பத்தின் பளிங்குப் படி இன்று உரோமின் கபிட்டோலின் அருங்காட்சியகத்தில் உள்ளது. கழுத்து வளையமும் மீசையுமாக வீழ்ந்து கிடக்கும் அந்தப் பகைவனின் வலி பார்ப்பவரைத் தொடுகிறது. பேரரசின் வெற்றிச் சின்னத்துக்குத் தோற்றவனின் உடல் தேவை. ஊர் எடுக்கும் நடுகல்லுக்கு அது தேவையில்லை. அங்கு கொண்டாடப்படுவது வெற்றியன்று, இறப்பு.

நாமக்கல்லில் விலங்கு யார்?

நாமக்கல் பாறையின் இரு குடைவரைகளும் பொதுவாக 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. அரங்கநாதர் குடைவரையின் பல்லவ கிரந்தக் கல்வெட்டு அதனை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயரிட்டு, அதிய மரபின் குணசீலனோடு தொடர்புபடுத்துகிறது. மழவரின் தலைவனாகப் பாடப்பட்டவனின் குடிப்பெயரைத் தாங்கிய ஒருவன், அசுரரை அழிக்கும் கடவுளைத் தன் பெயரால் கல்லில் நிறுத்துகிறான். எல்லையோரத்துக் குடி தன்னை மையத்தின் பக்கம் நிறுத்திக்கொள்ளும் செயலாக இதனைப் படிக்கலாம்.

ஆயினும் நரசிம்மர் குடைவரையில் உள்ள சிற்பம் இந்த எளிய வாசிப்பைக் குலைக்கிறது. இரணியனைக் கிழிக்கும் காட்சியில் அசுரன் மனித உருவினன். விலங்கின் தலையும் நகமும் கடவுளுக்கு உரியவை. குடலைப் பிடுங்கும் வன்செயல், அதாவது அகநானூறு மழவரிடம் கண்டு அஞ்சிய குருதி தோய்ந்த கை, இங்குத் தெய்வத்தின் கை. எல்லோராவின் 15ஆம் குகையில் இரணியன் வாளும் கேடயமும் ஏந்தி நரசிம்மத்தை எதிர்கொள்கிறான். அங்கும் அவன் போர்வீரனே, பூதமல்லன். நாமக்கல்லில் அருகே திரிவிக்கிரமன் சிற்பத்தில் இடம்பெறும் மாவலியோ கொடை வழங்கும் அரசன். மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினிப் புடைப்புச் சிற்பம் ஒரு படி விலகி, மகிடனுக்கு எருமைத் தலை தருகிறது. ஆனால் அவன் தலைக்கு மேலும் அரசகுடை பிடிக்கப்பட்டிருக்கிறது.

இச்சிற்பங்களில் அசுரன் 'நாகரிகமற்றவன்' என்பதற்கு உடல்சார் சான்று ஏதுமில்லை. தீமை இருப்பின் அது செருக்கில் இருக்கிறது. தோலிலோ பல்லிலோ இல்லை. இன்றைய நாட்காட்டிப் படங்களும் கோபுரச் சுதைகளும் கரிய நிறம், முறுக்கு மீசை, கோரைப்பல் ஆகியவற்றை அசுரனுக்குக் கட்டாயமாக்கியுள்ளன. அவ்வுருவத்தைப் பழமையானதாகக் கொண்டு குடைவரையைப் பார்ப்பது காலத்தைத் தலைகீழாக்குவதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் எதிர்வாசிப்பும் இங்கு மதிப்பிடத்தக்கது. அரக்கர் என்போர் இழிவாக வரையப்பட்ட திராவிடரே என்ற கருத்து பெரும் அரசியல் விழிப்பை உண்டாக்கியது. கொங்கு நாட்டுப் புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட இராவண காவியம் 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் விடுதலை பெற்றது. காவியங்களின் சொல்லுக்கு எதிரான வழக்காக அது வலிமையானது. சிற்பத்துக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. நாமக்கல் இரணியனிடம் இழிவுபடுத்தப்பட்ட ஓர் இனத்தின் உருவைத் தேடுபவர், அரசனையே காண்பர். ஆதரித்தவனும் தென்னாட்டுக் குறுநில மன்னனே.

வெளியிலிருந்து வந்த கண்களுக்கு இவ்வளவு நுட்பமும் புலப்படவில்லை. கோழிக்கோட்டில் தான் கண்ட தெய்வ உருவத்தை வர்தேமா 1510இல் வெளிவந்த தன் பயண நூலில் பேயாக விவரித்தார். 1515இன் ஜெர்மன் பதிப்புக்கு யோர்க் பிராய் வரைந்த மரச்செதுக்குப் படம், ஆன்மாக்களை விழுங்கும் கிறித்தவ நரகப் பேயையே அங்கு அமர்த்தியது. பார்த்தா மித்தர் 1977இல் வெளியிட்ட நூல் இந்தப் பார்வையின் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. நாமக்கல்லில் கடவுள் விலங்காகிறார். ஐரோப்பியக் கண்ணுக்கு அவ்விலங்கு பேயாகிறது. அப்பேயை வணங்குவோர் காட்டுமிராண்டிகளாகின்றனர்.

வாலி நிற்கும் இடம்

சேலத்துக்கு மேற்கே, கெட்டி முதலிகளின் ஆதரவில் எழுந்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வாலி–சுக்ரீவன் போர் ஒரு தூணிலும், வில்லேந்திய இராமன் வேறொரு தூணிலும் செதுக்கப்பட்டுள்ளனர். இராமன் இருக்குமிடத்திலிருந்து வாலி தெரிகிறான். வாலியிடமிருந்து இராமன் தெரிவதில்லை. வழிகாட்டிகள் இதனைச் சிற்பியின் கணிதத் திறமாக மட்டுமே காட்டிச் செல்கின்றனர். அதனினும் முக்கியமான ஒன்று அங்கே நிகழ்கிறது.

வாலிவதையின் மையக் கேள்வி இதுவே: விலங்கை மறைந்திருந்து கொல்வது வேட்டை, மனிதனை அவ்வாறு கொல்வது அறமீறல், எனில் வாலி யார்? வான்மீகியின் இராமன் வாலியைக் குரங்கென்று கூறி வேட்டை முறையால் தன்னை நியாயப்படுத்துகிறான். கம்பனில் நிலை புரள்கிறது. தாம் விலங்குகள், தமக்கு மணமுறை இல்லை என்ற வாதத்தை வாலியே முன்வைக்கிறான். அறம் அறிந்தவன் உடலால் விலங்காகான் என்று இராமன் மறுக்கிறான். ஒருவனை அநாகரிகன் என்று அறிவிப்பதால் யாருக்கு என்ன விடுதலை கிடைக்கிறது என்பதை இவ்விரு வாதங்களையும் அருகருகே வைத்தால் காணலாம். முன்னதில் கொல்பவனுக்கு; பின்னதில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு.

தாரமங்கலத்துச் சிற்பி வாதத்தில் இறங்கவில்லை. பார்ப்பவரை வாலியின் பக்கத்தில் நிற்கவைக்கிறார். அங்கு நின்று தேடும் பக்தர், ஒரு கணம், தன்னைக் குறிவைக்கும் வில்லைக் காணமுடியாதவராகிறார். டிராஜன் தூணில் இது நிகழாது. அங்கு எந்தச் சுற்றிலும் பார்ப்பவரின் இடம் உரோமின் பக்கமே.

வேட்டுவனும் குதிரையும்

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறார். அவன் எய்த அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. மார்பின் சந்தனமும் ஆரமும் அவன் வெறும் வேட்டுவனல்லன் என ஐயுறச் செய்கின்றன. பாணர் கொல்லிமலைத் தலைவன் ஓரியைப் பாட, அவன் தன் பெயர் கேட்டு நாணுகிறான். அரசனையும் வேட்டுவனையும் ஒரே உடலில் வைத்துப் பார்க்க அப்பாடலுக்குத் தயக்கமில்லை. இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் அரசு விழாவும் நடக்கிறது. சிலையின் ஓரி குதிரைமேல் அமர்ந்திருக்கிறான். உடும்பும் புற்றும் அங்கு இல்லை.