யாருடைய கேள்விக்கு ஆய்வகம்?

சென்னை ஐஐடி தரவரிசையில் முதலிடம் பிடிக்கும்போதெல்லாம் ஒரு வாதம் கூடவே வருகிறது. ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், தென்கொரியாவைப் போல ஐந்து சதவீதத்தை நெருங்கினால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்கிறார்கள். பணம் போதவில்லை என்பது உண்மைதான். 2010இல் திறந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவும் நல்ல ஏற்பாடே. அங்கே இடம் பெறும் நிறுவனம் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து உழைத்துப் புள்ளிகள் ஈட்டியாக வேண்டும்.

ஆனால் வாடகை கொடுக்க முடிந்தவரின் கேள்விதான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறது. எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவரால் அங்கே ஓர் அறை எடுக்க முடியுமா?

2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று ஹைதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கணித்துச் சொன்னது. கரையில் நின்றவர்கள் கையில் இருந்தது வாளி. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் இறங்கி, எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. அப்போதும் படகில் குனிந்து குவளையால் மொண்டார்கள். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வலையில் ஏறிய பிசின் கழுவினால் போவதில்லை. வலையைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

இதே சென்னையில், பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை இறக்கும் மத்ஸ்யா கலத்தை உருவாக்கிவருகிறது. அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. ஆனால் இடுப்பளவு நீரில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே, ஒரு ஃபைபர் படகிலிருந்து கெட்டி எண்ணெயை எப்படி எடுப்பது என்பதை ஏன் எவரும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்கவில்லை?

அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சிலர் மறுப்பாகக் காட்டலாம். நாயுடம்மா இயக்குநராக இருந்த காலத்தில் அது தோல் பதனிடுவோரோடு நெருங்கி வேலை செய்தது. எண்ணூரில் அப்படி நடக்காததற்குக் காரணம் விஞ்ஞானிகளின் அலட்சியம் அல்ல. தோலுக்கு ஏற்றுமதிச் சந்தை இருந்தது. கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிப்பவருக்கு அது இல்லை. நிதியை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் குறை தீராது. கேட்கப்படும் கேள்விகளே இரட்டிப்பாகும், கேட்பவர் மாறமாட்டார்.

ஆகவே ஆராய்ச்சிப் பூங்காவின் புள்ளிக் கணக்கில் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்கிறேன். மீனவக் கிராம சபை கொண்டுவரும் கேள்விக்கு வேலை செய்தாலும், நிறுவனத்தின் கேள்விக்குத் தரும் அதே புள்ளிகளைத் தரட்டும். முதல் மனு காட்டுக்குப்பத்திலிருந்து வரும்.