பெங்களூருத் தமிழ் வீடுகளில் நாவல்

காலிகோ பைண்டு போட்ட 'பொன்னியின் செல்வன்' இல்லாத பழைய தமிழ் வீடுகள் குறைவு. பெங்களூரும் இதற்கு விலக்கல்ல. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 மே வரை வந்த தொடரை வாராவாரம் கிழித்தெடுத்துத் தைத்து வைத்தார்கள். மணியத்தின் ஓவியம், அத்தியாயம் முடியும் பக்கத்தில் பாதியாய் நிற்கும் ஒரு துணுக்கு, பின்பக்கத்தில் ஏதோ தைல விளம்பரம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு அந்த நாவல். அல்சூர் ஏரிக்கருகில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் பிறந்ததும் அதே 1950-இல்தான்.

பைண்டு புத்தகம் பேரப்பிள்ளைகளின் கைக்கு வரும்போதுதான் சிக்கல். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், பெரும்பாலும் கூடவே இந்தியும். வீட்டில் தமிழ் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அதன் எழுத்து புரியாது. பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள், பிள்ளைகள் போனுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த நாவலை அந்தக் காலத்திலும் எல்லோரும் கண்ணால் படித்துவிடவில்லை. வீட்டுக்கு ஒரு பிரதி. ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அடுத்த வாரம் வரை தவிக்கவிடும் இடத்தில் நிறுத்துவது நாவலாசிரியர் கல்கியின் தொழில் ரகசியம். உரக்கப் படிக்க இதைவிட வசதியான நாவல் கிடையாது. இந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்தபின், பாத்திரங்களின் பெயர்களாவது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. சி.வி. கார்த்திக் நாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. இருந்தாலும் கதையில் வரும் நந்தினி நல்லவளா கெட்டவளா என்று நடுவில் மறித்துக் கேட்கத் திரையரங்கில் முடியாது, பாட்டியிடம் முடியும்.

இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு வரவும் உண்டு: கன்னட இலக்கியம். வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதிய 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்கு 1983-ஆம் ஆண்டின் ஞானபீடம் கிடைத்தது. மைசூரில் ஏ.கே. ராமானுஜன் வளர்ந்த வீட்டில் கீழே அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார'வை 1976-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பைரப்பாவின் 'பர்வ'வைப் 'பருவம்' ஆக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற பாவண்ணன் பெங்களூர்வாசி. தாத்தா 'பருவ'த்தைத் தமிழிலும் பேத்தி அதன் மூலத்தைக் கன்னடத்திலும் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் சண்டை போடும் வாய்ப்பு சென்னைவாசிகளுக்கு எளிதில் அமையாது.

புத்தகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பிரிகேட் சாலைச் சந்தில் இருக்கும் செலக்ட் புக் ஷாப் 1945-இல் தொடங்கி, அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த பழைய புத்தகக் கடை. சர்ச் தெருவில் பிளாசம், புக்வோர்ம். தமிழுக்குத்தான் அலைய வேண்டும். அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கும் வகையில் 2022 டிசம்பரில் தமிழ்ச் சங்க வளாகத்தில் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது.

எடுத்த எடுப்பில் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுவது தவறு. இதே ஊரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நல்ல ஆரம்பம். இயந்திர நாய் ஜீனோவைப் பிடிக்காத பிள்ளை இருக்காது. பிறகு கல்கியின் நாயகன் வந்தியத்தேவனிடம் போகலாம். பைண்டு புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்ற சாக்கும் இனிச் செல்லாது: 'பொன்னியின் செல்வன்' முழுவதும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.