ஊர் திரும்பும் பாட்டு

கெய்ரோவில் பிறந்த டாலிடா, இஸ்மாயிலியாவில் பிறந்த கிளாட் ஃபிரான்சுவா. இருவரும் பிரெஞ்சு பாப் உலகின் உச்சத்தில் இருந்தவர்கள். ‘எகிப்து தந்த குரல்கள்’ என்று யாராவது இவர்களைச் சொன்னால் எனக்கு லேசா உறுத்தும். தந்ததா, தொலைத்ததா?

ஃபிரான்சுவாவின் அப்பா சூயஸ் கால்வாயில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். 1956இல் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் குடும்பமே வெளியேறியது. கால்வாய் எகிப்தியருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயசுப் பையனுக்கு ஊர் போச்சு, அவ்வளவுதான். அவர் இறந்தபின் 1978இல் வெளிவந்த ‘அலெக்சாண்ட்ரி அலெக்சாண்ட்ரா’ டிஸ்கோ தாளத்தில் துள்ளுகிறது. அதில் எகிப்து இருக்கிறது, தபால் அட்டைப் படம் மாதிரி.

டாலிடா இத்தாலியப் பெற்றோரின் மகள். 1954இல் தானாகவே பாரீஸ் போனவர். 1977இல் ‘சல்மா யா சலாமா’வை எகிப்திய அரபியில் பாடினார். முதல் உலகப் போருக்குப் பிரிட்டன் இழுத்துப்போன எகிப்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்புவதைப் பற்றி சயீத் தர்வீஷ் இசையமைத்த பாட்டின் பல்லவி அது.

ஃபிரான்சுவா ஊரின் பெயரைப் பாடினார், டாலிடா ஊரின் பேச்சைப் பாடினார். பிறந்த ஊரைப் பாஸ்போர்ட்டே சொல்லிவிடும். அது ஒருவரிடம் மிச்சமிருக்கிறதா என்பதைப் பாட்டுதான் சொல்லணும்.