கட்டைவிரலுக்கு மட்டும் கறுப்பு

ஆறு நிறத்தை வைத்துக்கொண்டு பத்து விரலை என்ன செய்வது? மூன்று வருடமாக இந்தக் கணக்கு என் உயிரை வாங்கியது. வானவில் கொடியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஆறே பட்டை. ஒரு கையில் ஐந்தைப் பூசினால் ஊதா அநாதையாக நிற்கும். அதை அடுத்த கையில் வைத்தால் பாக்கி நாலு விரலும் "எங்களுக்கு?" என்று பார்க்கும். போன வருடம் விடை கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் அதிகமாகத் துள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னையில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவள். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் ஒத்த நிறத்தில் ப்ளவுஸ் பிட் வெட்டித் தருவேன். நிறம்தான் எனக்குச் சோறு. கடைக்கு வழக்கமாக வரும் திருநங்கை அக்கா ஒருவர் என்னை ஒரு ஜூன் மாதக் கடைசி ஞாயிறு எழும்பூருக்கு இழுத்துப் போனார். 2009 முதல் சென்னையில் திருநரும் தன்பாலீர்ப்பாளர்களும் நடத்தும் வானவில் சுயமரியாதைப் பேரணி அது. 'ப்ரைடு' என்பதைப் 'பெருமை' என்று போட்டிருந்தால் சப்பென்று இருந்திருக்கும். 'சுயமரியாதை' என்று முதலில் யோசித்தவருக்கு என் செலவில் ஒரு பட்டு எடுத்துத் தரலாம்!

பறை அடிக்க அடிக்க எல்லோரும் ஆட, நான் மட்டும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகமூடி போட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் விரல் நகங்கள் முகமூடி போடவில்லை. மரப்பாச்சி அளவு கொடிகள், பத்துப் பத்தாக! அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

கணக்குக்கு வருகிறேன். 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் ஏற்றிய முதல் கொடியில் ஆறு அல்ல, எட்டுப் பட்டை! அவரும் லின் செகர்ப்ளோமும் தன்னார்வலர் கூட்டமொன்றைச் சேர்த்துக்கொண்டு, பருத்தித் துணியைக் குப்பைத் தொட்டிகளில் சாயம் முக்கி எடுத்த கொடி. சிவப்புக்கு மேலே ராணி கலர். பச்சைக்குக் கீழே, நம் மயில்கழுத்துக்குப் பக்கத்தில் வரும் டர்க்காய்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வைத்திருந்தார். ராணி கலர் காமம், சிவப்பு உயிர், ஆரஞ்சு காயம் ஆறுதல், மஞ்சள் வெயில், பச்சை இயற்கை, டர்க்காய்ஸ் மாயம், அவுரி நீலம் அமைதி, ஊதா ஆன்மா.

ஐந்தே மாதத்தில், நவம்பர் 27 அன்று, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியே அந்த நகரில் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க் நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துக்கத்தில் எல்லோரும் கொடி கேட்டார்கள். அவ்வளவு கொடிக்கு ராணி கலர் துணி கிடைக்கவில்லை. அந்தப் பட்டை போயிற்று. அடுத்த வருடம், தெருவின் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துத் தொங்கவிட இரட்டைப்படை வேண்டுமென்று டர்க்காய்ஸும் போயிற்று. ராணி கலர் துணிக்குத் தட்டுப்பாடாம்! என் கடையில் அந்த நிறத்தில் மட்டும் ஏழு ஷேடு இருக்கிறது. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எட்டு நிறத்துக்கு எட்டு விரல். மிஞ்சுவது இரண்டு கட்டைவிரல். துக்கத்தில்தானே அந்த நிறங்கள் காணாமல் போயின? இரண்டுக்கும் கறுப்பு. இடது சுண்டுவிரலில் ராணி கலரில் தொடங்கி ஆள்காட்டிவிரலில் மஞ்சள், வலது ஆள்காட்டிவிரலில் பச்சையில் எடுத்துச் சுண்டுவிரலில் ஊதா. இரண்டு கையையும் சேர்த்து மேசைமேல் வைத்தால் வானவில்லுக்கு நட்டநடுவில் இரண்டு கறுப்பு. செய்து பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்!

பேரணிக்கு முந்தின சனிக்கிழமை அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். அதற்குமுன் ஒரு அழகு நிலையத்தில், காலி நாற்காலிகளை வைத்துக்கொண்டே "அப்பாயின்ட்மென்ட் இல்லை" என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எண்ணெய் டப்பா, பஞ்சு, ரிமூவர், பேன்சி ஸ்டோரில் வாங்கிய புட்டிகள் எல்லாம் பாயில் பரப்பினேன். அக்காவுக்கு எந்தக் கம்பெனிப் புட்டியும் க்யூட்டெக்ஸ்தான். "என்னடி, க்யூட்டெக்ஸ் கடையே வெச்சுட்ட?"

நெயில் பாலிஷின் அடிப்படைச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ், பழைய சினிமா பிலிம் செய்த அதே பொருள். அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் பறந்து போனால்தான் பூச்சு இறுகும். அதனால் மெல்லிசாக இரண்டு கோட். தடியாக ஒரே கோட் அடித்தால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழ என்று நிற்கும். மஞ்சள் ஒரு வம்புக்காரி, திட்டுத்திட்டாகத்தான் விழுவாள். அடியில் ஒரு கோட் வெள்ளை அடித்துவிட்டு மேலே ஏற்றினால் மாம்பழ மஞ்சள் எப்படிச் சிரிக்கிறது தெரியுமா! எல்லாவற்றுக்கும் முன்னால் நிறமில்லாத பேஸ் கோட் கட்டாயம். இல்லாவிட்டால் சிவப்பு எடுத்த பிறகும் நகம் கறை பிடித்துக் கிடக்கும்.

கடைசியில் இரண்டு பேருக்கும் கறுப்பு. அது காய்ந்ததும் ஹேர்பின் முனையில் வெள்ளி நிறம் தொட்டு, "புள்ளி வைக்கட்டுமாக்கா?" என்றேன்.

"எதுக்கு?"

"போனவங்களுக்கு. ஒருத்தருக்கு ஒண்ணு."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. கூவாகத்தில் அரவானுக்காக வருஷா வருஷம் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்த கை அது. "மூணு" என்றார். இடது கட்டைவிரலில் ஒன்று, வலதில் ஒன்று வைத்தேன். மூன்றாவதுக்கு ஹேர்பினைத் தொட்டு நிமிர்ந்தபோது கையை இழுத்துக்கொண்டார்.

"அது என் மக. அவள உன் கையில வை. நீயும் கொஞ்சம் சுமந்துக்கோ."

என் கட்டைவிரலில் வைத்தேன். கை நடுங்கியது. புள்ளி காய்வதற்குள் அவசரப்பட்டு டாப் கோட் இழுத்துவிட்டேன். வெள்ளி இழுபட்டு வால்நட்சத்திரம் மாதிரி ஆயிற்று. துடைக்கப் போனவளை அக்கா தடுத்தார். "விடு. அவ எங்க ஒரு இடத்துல நின்னா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்ன சொல்ல! எங்கள் நாலு கையையும் எத்தனை பேர் பிடித்துப் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. திங்கட்கிழமைதான் வேடிக்கை. துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு அம்மா துணியைப் பார்க்காமல் என் நடுவிரலைப் பிடித்து, "இதே கலர்ல பிட் இருக்காம்மா?" என்றார். டர்க்காய்ஸ்! ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தேன். கட்டைவிரலைக் காட்டி, "இது மட்டும் ஏன் கறுப்பு?" என்றார். "இறந்தவங்களுக்கு" என்றேன். யார் என்று கேட்டார். எனக்குத் தெரியாதவர், ஒரு அக்கா கொடுத்து வைத்திருக்கிறார் என்றேன். அந்த அம்மா விரலை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற எட்டு நிறமும் ரிமூவருக்கு ஓடிப்போயின. கறுப்பு போகவில்லை. நகத்தின் ஓரக்குழியில் மெல்லிய கோடாக நின்றது. நான் சுரண்டவில்லை.

நவம்பர் 20-க்கு வேறு கணக்கு. பாஸ்டனில் 1998 நவம்பர் 28 அன்று ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை கொல்லப்பட்டார். ஹார்வி மில்க் போய் இருபது வருடம், ஒரு நாள். அவரை நினைத்து க்வென்டலின் ஆன் ஸ்மித் 1999-இல் தொடங்கியதுதான் நவம்பர் 20 அன்று வரும் திருநர் நினைவு நாள். அதே வருடம் மோனிகா ஹெல்ம்ஸ் திருநர் கொடியை வரைந்தார். இளநீலம், ரோஸ், வெள்ளை, ரோஸ், இளநீலம். ஐந்து பட்டை, ஐந்து விரல்! எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கொடி சரியாகவே இருக்க வேண்டும் என்றுதான் அவர் அப்படி அமைத்தார். இடது கையோ வலது கையோ, கட்டைவிரலிலிருந்து எண்ணினாலும் சுண்டுவிரலிலிருந்து எண்ணினாலும் பிசகாது. இந்தக் கொடியைப் பூசும்போது எனக்கு யோசிக்கவே வேலையில்லை.

இதில் கறுப்புக்குத் தனி விரல் கிடையாது. அதனால் நடுவிரலின் வெள்ளையில் இந்த முறை கறுப்புப் புள்ளி ஒன்று வைத்தேன். பொறுமையாகக் காயவிட்டு, பிறகு டாப் கோட் போட்டேன். சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றும்போது அக்கா என் விரலைச் சுடர்ப்பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"பத்திரமா வெச்சிருக்கியே" என்றார்.