பாட்டுக்கு ஒரு கடல்

கடற்கரை என்றால் நம் சினிமாக்காரர்கள் பலருக்கு ஒரே ஒரு காட்சிதான் தெரியும்: ஒரு பாறை, அதில் மோதிச் சிதறும் அலை, நடுவே தலைமயிர் பறக்க நிற்கும் காதலர்கள். இந்தக் காட்சிக்கு ஊர் உண்டு. அது கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். பாரதிராஜா 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தையும், 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ படத்தையும் அங்கே எடுத்தார். கண்ணனின் காமிராவும் இளையராஜாவின் இசையும் அந்தக் கரைக்கு இயல்பாகப் பொருந்தின. அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. பிறகு வந்தவர்கள் எல்லாக் கடலையும் முட்டமாக்கப் பார்த்தார்களே, அதுதான் தொல்லை.

கல்லூரி மாணவர்கள் சிலர், பாட்டு ஒன்றைப் படமாக்க இடம் தேடிப் புதுக்கோட்டை மாவட்டக் கரைக்குப் போனார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் கரை அது. “அலையே இல்லை ஸார், கடல் செத்துக் கிடக்கிறது” என்று அலுத்துக்கொண்டார்கள். பிடித்து வந்த துண்டுகளையும் பார்த்தேன். காமிராவைத் தரையோடு தரையாக வைத்து, சினிமாவில் பார்த்த கோணத்தையே தேடியிருந்தார்கள். திரையில் ஒரு கோடு தெரிகிறது. அதற்குப் பெயர் கடலாம்!

கடல் சாகவில்லை. அது பாக் ஜலசந்தியை ஒட்டிய ஆழம் குறைந்த கடல். முட்டத்து அலையை அங்கே எதிர்பார்ப்பது தவறு. அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலமாக விரிந்திருக்கிறது. கடற்பசு அதை மேய்ந்து வாழ்கிறது. 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகவே அறிவித்தார்கள். இந்தக் கடலைப் பார்க்கச் சற்று உயரம் வேண்டும். ஒரு விசைப்படகின் மேல்தளம் போதும். நீரின் நிறம் மாறுவதும், சேற்றில் ஒதுங்கிய நாட்டுப்படகும், முழங்கால் நீரில் நடந்து போகிற மனிதனும் அங்கிருந்துதான் தெரிவார்கள்.

அடுத்தது வெளிச்சம். கிழக்கே பார்த்த கரை என்பதால் எல்லாரும் விடியற்காலையில் ஓடுகிறார்கள். சூரியன் எதிரே நிற்கும். மனிதர்கள் கரிய நிழலாவார்கள். தொல்காப்பியர் நெய்தலுக்கு வகுத்த பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். அப்போது இங்கே ஒளி நிலத்திலிருந்து கடல் பக்கம் விழுகிறது. படகின் சாயமும் கரையில் நிற்பவர் முகமும் துலங்கும். பாட்டுக்கு முகம் வேண்டாமா?

நம் முன்னோர் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொன்னார்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் முதலோடு, அதாவது நிலத்தோடும் பொழுதோடும், நின்றுவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும். காமிராவுக்கு விருந்துதான், அந்தப் படகை நம்பிய வீட்டுக்கு அவை வரும்படி இல்லாத 61 நாட்கள். மீன்பிடிக்கப் போனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது என்ற செய்தியும் இந்த ஊர்களுக்குப் பழகிப்போனது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதைப் புரிந்துகொள்ள அங்கே உரை நூல் தேவையில்லை.

ராமு காரியாட்டின் ‘செம்மீன்’ (1965) படத்தில் மார்க்கஸ் பார்ட்லி கடலை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிடவில்லை. கரையில் இருக்கும் பெண்ணின் கதி கடலில் இருப்பவனோடு முடிச்சுப் போட்டது என்பது அந்த நீரைப் பார்க்கும்போதே மனசில் படுகிறது. மூன்று நிமிஷப் பாட்டுக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். சங்கப் பாட்டிலே சில ஐந்தே அடிதான். அதற்குள் நிலமும் மனிதரும் துயரமும் அடங்கவில்லையா?

மாணவர்கள் மறுபடி போகிறார்களாம். போகட்டும். காமிராவை வெளியே எடுக்குமுன் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசட்டும். அதை எங்கே வைப்பது என்பது தானாகத் தெரியும்.