பச்சை ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு

விடியற்காலைப் பால் பூத்தில் யாரும் பாக்கெட்டில் உள்ள எழுத்தைப் படிப்பதில்லை. "அண்ணே, பச்சை ரெண்டு, ஆரஞ்சு ஒண்ணு" என்றால் போதும். டப்பில் கைவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட எடுத்து நீட்டிவிடுவார். ஆவினில் நீலம் 3% கொழுப்புள்ள சமன்படுத்திய பால், பச்சை 4.5% நிலைப்படுத்திய பால், ஆரஞ்சு 6% நிறை கொழுப்புப் பால். மங்கிய வெளிச்சத்திலும் ஒன்றோடொன்று குழம்பாத நிறங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் காபிக்கு எது, தயிருக்கு எது என்று தெரியும். 2023-இல் பச்சைக்குப் பதில் 3.5% கொழுப்புள்ள ஊதா பாக்கெட் என்று ஆவின் சொன்னதும் எதிர்ப்புக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. இதில் மற்ற வியாபாரிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. தங்கள் கடைக்கு நிறம் தேடுபவர்கள் கண்ணுக்கு அழகா என்று மட்டும் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் அந்த நிறத்தைச் சொல்லிக் கேட்பாரா என்றும் பார்க்க வேண்டும்.