ஏழு வயசும் அறுபத்தாறு வயசும்: 'அப்' தொடர் பற்றி ஒரு குறிப்பு

1964ல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி ஏழு வயசுப் பிள்ளைகள் 14 பேரை வைத்து 'செவன் அப்' என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. பிறகு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மைக்கேல் ஆப்டெட் அதே ஆட்களைத் தேடிப்போய்ப் படம் பிடித்தார். 2019ல் வந்த '63 அப்' தான் அவர் எடுத்த கடைசிப் பகுதி. ஏழு வயசில் இருக்கும் ஆள்தான் கடைசிவரைக்கும் என்பது தொடரின் அடிப்படை. நம்ம பாஷையில் சொன்னா, விளையும் பயிர் முளையிலே தெரியும்.

மேலோட்டமாப் பார்த்தா அது சரிதான். கென்சிங்டன் பள்ளிப் பையன்கள் மூன்று பேர் தாங்கள் போகப்போகும் பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாத்தையும் ஏழு வயசிலேயே வரிசையாகச் சொல்கிறார்கள். அதில் இருவர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞர் ஆனார்கள். கிழக்கு லண்டன் டோனி 15 வயசில் படிப்பை விட்டு, கடைசியில் டாக்ஸி ஓட்டினார்.

எனக்கு இங்கேதான் ஒரு தகராறு. முளையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த காமிரா, வயலைச் சரியாகப் பார்க்கவில்லை. 1972 வரை 15 வயசில் பள்ளியை விட்டுப் போகலாம் என்று சட்டமே இருந்தது. டோனி வெளியேறியதை அவர் சுபாவத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்க முடியுமா? யார்க்‌ஷயர் விவசாயி மகன் நிக் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்து அமெரிக்காவில் பேராசிரியர் ஆனது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனா 1962 சட்டப்படி பல்கலைக்கழகக் கட்டணத்தை உள்ளாட்சியே கட்டியது, வசதி குறைந்தவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை கொடுத்தது. படம் இதை விட்டுவிட்டு, தனிமனித சாதனையாக மட்டும் காட்டுகிறது.

வயசான காலத்துக்கு வரும்போது இந்தக் குறை இன்னும் பெரிசாகிறது. இவர்கள் 1956, 57ல் பிறந்தவர்கள். இந்தப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயசு 60. 1995, 2011 சட்டங்களுக்குப் பிறகு அது 66 ஆனது. 15 வயசில் வேலைக்குப் போனவருக்கும் 66, பட்டம் வாங்கி 22 வயசில் போனவருக்கும் 66. ஏழைப் பகுதிகளில் ஆயுள் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூடுதல் வருஷம் உழைத்தவர் குறைந்த வருஷம்தான் ஓய்வூதியம் வாங்குகிறார். வளர்ப்பும் படிப்பும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. ஆப்டெட் காதல், கல்யாணம், சந்தோஷம் பற்றியெல்லாம் விடாமல் கேட்டார். இந்தக் கணக்கைப் பற்றி அந்த அளவு விடாப்பிடியாகக் கேட்கவில்லை.

கிழக்கு லண்டன் தோழிகள் மூன்று பேரில் லின் மட்டும் கிராமர் பள்ளிக்குப் போனவர். நூலகத்தில் குழந்தைகளுக்காக வேலை பார்த்தார். '56 அப்' வரும்போது நிதிக்குறைப்பில் அந்த வேலை போயிருந்தது. 2013ல், ஓய்வூதிய வயசை எட்டுவதற்கு முன்பே இறந்துபோனார். ஏழு வயசு லின்னை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் இதற்கான காரணம் அந்த முகத்தில் கிடைக்காது. தொடரைப் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். பார்க்கும்போது அந்தந்த வருஷத்துச் சட்டம் என்ன என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.